நான் அவிழ்த்த காப்பு

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே ஏழு ஆடி மாதம் போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் கூழ் ஊற்றி முடிந்ததும் என் மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். மேலே ஓம் சக்தி என்று எழுதுவேன். அதற்கு மேல் கை போகாது. நான் ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் எழுதத் தெரியாமல் நிறுத்தவில்லை, பயந்துதான் நிறுத்தினேன். அம்மனுக்குப் பயம், ஊருக்குப் பயம், ஒரு பெரியவருக்குக் கொடுத்த வாக்குக்குப் பயம். அந்தப் பெரியவர் போன வருஷம் பொங்கல் கழிந்து அம்மன் காலடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குத்தான் கெடுதல் என்று இந்த ஆடியில் தெரிந்துகொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

என் மகள் ஹர்டில்ஸ் ஓடியவள். நூறு மீட்டர் தூரம், நடுவில் பத்துத் தடைகள். நம் நாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வெளிநாடுகளில் ஓடியிருக்கிறாள். அவளைப் பற்றி எங்கள் குப்பத்தில் ஒரு கதை நடமாடுகிறது. காப்பு கட்டிய கையோடு நின்றவளை அம்மனே போட்டிக்கு அனுப்பி வைத்தாள், கயிறு தானாக அவிழ்ந்து விழுந்தது என்று சொல்கிறார்கள். போன திருவிழாவில் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்கள். அது அப்படி நடக்கவில்லை. எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் செய்தவள் நான்.

எங்கள் குப்பம் திருவொற்றியூரில், அலைக்குப் போட்ட பாறைகளுக்கும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்கும் நடுவில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகில் டிரைவர். போனால் ஏழு நாள், எட்டு நாள் ஆகும். நான் வீட்டில் இருந்தபடி வலை பின்னுவேன், கிழிந்தது தைப்பேன். எங்களுக்கு ஒரே பெண்.

சின்ன வயதில் அவள் எந்த நாளும் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தில் கிளம்பியதில்லை. மணி அடிக்கும் நேரத்துக்குத்தான் ஓடுவாள். எங்கள் சந்தில் நடக்கவே இடம் இருக்காது. வலைக் குவியல், மீன் கிரேட்டு, ஐஸ் பெட்டி, காயப்போட்ட கருவாடு எல்லாம் வழியிலேயே கிடக்கும். அவள் எதையும் சுற்றிக்கொண்டு போக மாட்டாள், எல்லாவற்றையும் தாண்டித்தான் போவாள். எதிர் வீட்டுக் கருவாட்டுக்கார அக்கா தினமும் கத்துவாள்: "ஏண்டி, என் நெத்திலி மேல கால் வச்சே, உன்னையும் சேத்துக் காயப்போட்ருவேன்." ஒரு நாளும் கால் பட்டதில்லை என்பதையும் அந்த அக்காதான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

ஆறாம் வகுப்பில் விளையாட்டு டீச்சர் இவளைப் பார்த்துவிட்டு, இது சும்மா விடக்கூடிய கால் இல்லை என்று வீட்டுக்கே வந்து சொன்னார். அப்போது மீன்பிடி தடைக்காலம். என் வீட்டுக்காரர் கரையில் சும்மா இருந்தார். பிளாஸ்டிக் பைப் வாங்கி வந்து அவரே பத்துத் தடைகள் செய்தார். உயரம் இரண்டரை அடி என்று டீச்சர் சொல்லியிருந்தார். வாழ்நாள் முழுக்க வலையை முழம் போட்டே அளந்த மனிதருக்கு அடிக்கணக்கெல்லாம் தோராயம்தான். இரண்டு முழம் என்று வெட்டிவிட்டார். அவர் கையோ நீளம். அந்தக் கோடை முழுக்க என் மகள் மணலில் மூன்றடிக்கு மேல் இருந்த தடைகளைத் தாண்டிக்கொண்டிருந்தாள். விழுந்து முட்டி எல்லாம் தேய்ந்தது. நான் மஞ்சள் அரைத்துப் பூசினேன்.

பிறகு நகரத்தில் பெரிய மைதானத்தில் ஒரு கோச்சிடம் சேர்த்தோம். முதல் நாள் இவள் தாண்டியதைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "ஏம்மா, நடுவுல சுவரா இருக்கு? நீ தாண்ட வரல, ஓட வந்திருக்க" என்றாராம். உயரக் குதித்தால் காற்றிலேயே நேரம் போய்விடும், தடையை உரசுகிற மாதிரி போய் அடுத்த அடியை உடனே வைக்க வேண்டும். முதல் தடைக்கு எட்டுக் காலடி, அப்புறம் தடைக்குத் தடை மூன்று காலடி. அப்பா கற்றுக்கொடுத்த குதியை மறக்க அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பைப்புகளை அறுத்துச் சரி செய்தார், ஆனால் தப்பு தன்னுடையது என்று இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தடையில் கால் இடித்துவிட்டால் ஆட்டத்தில் இல்லை என்றாகிவிடுமா என்று கேட்டேன். "இடிச்சா ஒன்னும் இல்லம்மா, வலிக்கும், அவ்ளோதான். பக்கத்தால பூந்து போனாத்தான் அவுட்டு" என்றாள். அதிலிருந்து நான் விளக்கேற்றும்போதெல்லாம், இவள் எதையும் சுற்றிக்கொண்டு போகாமல் இருக்கட்டும் தாயே என்றுதான் கேட்பேன்.

முதல் ஸ்பைக் ஷூ வாங்கிய அன்று அதை எடுத்துக்கொண்டு நேராகக் கோவிலுக்குப் போனேன். எங்கள் பூசாரி மாமா குப்பத்து ஆள்தான். முன்பு படகுக்குப் போனவர். வலை இழுக்கும் வின்ச்சு மெஷின் கயிற்றில் சிக்கி ஒரு விரல் பாதி போய், அதற்குப் பிறகு கோவிலுக்கு வந்தவர். ஷூவைப் பார்த்ததும் அவருக்குக் கோபம். "செருப்ப எட்த்தாந்து அம்மன் கால்ல வைக்கச் சொல்றியே, உனுக்கு இன்னா வந்துச்சி?" என்றார். தோல் இல்லை மாமா, பிளாஸ்டிக் என்றேன். திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த ஆணிகளை அந்தப் பாதி விரலால் தொட்டுப் பார்த்தார். "ஆணிச் செருப்பு மேல நடக்கற வேண்டுதல் கீது. இது ஓடற வேண்டுதல்னு வச்சுக்கறேன்" என்று சொல்லி, வாசலில் வாழை இலை போட்டு அதில் வைத்துத் தீர்த்தம் தெளித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புது ஷூவும் அந்த வாசலுக்குப் போகாமல் ஓடியதில்லை.

அவள் மாநிலத்தில் ஜெயித்தாள். இளையோர் போட்டிக்கு ஒரு தடவை வெளிநாடு போய் வந்தாள். கணுக்காலில் இரண்டு முறை கட்டுப் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயதில் தேசியப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். ஆசிய அளவில் பெரிய போட்டி ஒன்று அந்த ஆடியில் இருந்தது. முதலாவதாக வந்த பெண்தான் போவாள். மாற்று ஆளாக இவள் பெயரைக் கொடுத்து, பாஸ்போர்ட் வேலையெல்லாம் செய்து வைத்தார்கள். மாற்று ஆள் என்றால் பேருக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

அடுத்த வருஷமாவது இவளுக்கு அந்த இடம் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்த ஆடியில் இவள் பால்குடம் எடுப்பாள் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை பூசாரி மாமா கையால் இவளுக்குக் காப்பு கட்ட வைத்தேன். மஞ்சள் கயிறு, நடுவில் மஞ்சள் துண்டு. கட்டினால் அடுத்த வாரம் ஞாயிறு பால்குடம், கூழ் எல்லாம் முடிந்து திங்கள் காலையில்தான் அவிழ்ப்பார்கள். அது வரைக்கும் காப்பு கட்டியவர்கள் பகலில் எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் குப்பத்துக்குத் திரும்பிவிட வேண்டும். எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. மீறினால் கடலுக்குப் போனவர்களுக்கு ஆகாது. இது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிற விஷயம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோச் போன் செய்தார். முதலாவதாக வந்த பெண்ணுக்குத் தொடைத் தசை கிழிந்துவிட்டது, இவள் புதன்கிழமை காலையிலேயே டெல்லிக்குக் கிளம்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் மகள் போனை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் போவலம்மா" என்றாள்.

என்னடி உளறுகிறாய் என்றேன்.

"நைனா கடல்ல கீறாரு. காப்பு கட்டிக்கினு எப்டிப் போவறது? அங்க ஓடும்போது எனுக்கு அதே நெனப்பா இருக்கும். அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

அடுத்த வாட்டி என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் இரண்டு கட்டுப் போட்ட அந்தக் கணுக்காலைத் தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டவள் நான். அது எத்தனை வாட்டி தாங்கும் என்று என் கைக்குத் தெரியும். கோச் இன்னும் இரண்டு தடவை போன் செய்தார். இவள் எடுக்கவில்லை. படகுக்குத் தகவல் சொல்லலாம் என்றால் அவர்கள் போன் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

பூசாரி மாமாவிடம் கேட்டிருக்கலாம். கோவில் நூறு அடி தூரம்தான். கேட்டு அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வழி இல்லையே என்று பயந்தேன். அதனால் கேட்கவில்லை. இது இரண்டாவது தப்பு. இன்று வரை எனக்கு வலிப்பது இதுதான்.

புதன்கிழமை விடிந்ததும் குளித்து, சாமி படத்துக்கு முன்னால் அவளை உட்கார வைத்தேன். தாயே, வேண்டிக்கொண்டது நான், இவள் கையைத்தான் நீட்டினாள், என் வேண்டுதலை என் கையிலேயே வாங்கிக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னேன். காப்புக் கயிற்றில் இரும்பு படக்கூடாது. பல்லால் முடிச்சை இளக்கினேன். ஐந்து நாள் வேர்வையும் மஞ்சளும் வாயில் கசந்தது. கயிறு என் கைக்கு வந்ததும், ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையால் என் இடது மணிக்கட்டில் நானே கட்டிக்கொண்டேன். அவள் கட்டித் தருகிறேன் என்று கை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"தப்புன்னா எனுக்கு ஆவட்டும். உன் கையில ஒன்னும் இல்ல. போய் ஓடு."

அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, எப்போதும் பயிற்சிக்குப் போகிற பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் லாரி நிற்கும் சாலை வரை போனேன். அதுதான் எல்லை. பகலில் தாண்டலாம் என்றாலும், காப்பு கட்டிய கை என்பதால் அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை. லாரிகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கருவாட்டுக்கார அக்கா என் கையைப் பார்த்துவிட்டாள். "இன்னாமே, உன் கையில காப்பு? பொண்ணு எங்க?" என்று கேட்டாள். என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அம்மன் உத்தரவு ஆச்சு, காப்பு என்கிட்ட வந்துடுச்சு என்று சொல்லிவிட்டேன். அது பொய். அம்மன் எனக்கு எதுவும் சொல்லவில்லை. நான்தான் அம்மனிடம் சொன்னேன். அந்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். வியாழக்கிழமை குழாயடியில் எனக்கு அம்மன் கனவில் வந்தாள் என்றார்கள். வெள்ளிக்கிழமை கயிறு தானாக அவிழ்ந்தது என்றார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்தேன்.

சனிக்கிழமை வர வேண்டிய படகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கடற்கரைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் தொடுவானத்தைப் பார்த்தேன். வேறு படகுகள் வந்தன, அது வரவில்லை. பாலை ஊற்றிவிட்டு, எனக்கு என்ன வேண்டுமானாலும் கொடு, அவருக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு போனைச் சுற்றி முப்பது பேர் நின்றோம். படம் சுற்றிச் சுற்றி நின்று நின்று வந்தது. என் மகள் நான்காவது கோட்டில் இருந்தாள். துப்பாக்கி வெடித்தது. முதல் மூன்று தடை தெரிந்தது, படம் நின்றது, மறுபடி வந்தபோது ஒரு தடை ஆடிக்கொண்டிருந்தது, ஓட்டம் முடிந்திருந்தது. ஐந்தாவதாக வந்திருந்தாள். அவள் வாழ்க்கையிலேயே அது வரைக்கும் ஓடியதில் அதுதான் வேகம் என்று பிறகு கோச் சொன்னார். நான் அழுதேன்.

கருவாட்டுக்கார அக்கா கேட்டாள்: "அஞ்சாவது வந்தா இன்னா தருவாங்க?"

ஒன்றும் தர மாட்டார்கள் என்றேன்.

"அப்பால எதுக்கு நீ அழுவுற? கூழ் ஆறுது, வந்து ஊத்து."

வெயில் தாழ்கிற நேரத்துக்குப் படகு காசிமேட்டில் நுழைந்துவிட்டது என்று போன் வந்தது. படகுக்கு அடியில் சுற்றும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு என்ஜின் நின்றுவிட்டதாம், இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்ததாம். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் எல்லையை மதிக்கிறவர்தான். தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். பூசாரியிடம் சொன்னாயா என்றார். இல்லை என்றேன். சொல்லிவிடு என்றார். மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, எத்தனையாவது வந்தாள் என்றார். சொன்னேன்.

"கட்டைல இடிச்சாளா?"

"ஏழாவது கட்டைன்னு போன்ல சொன்னா."

"அப்ப ஒயரம் கொஞ்சம் கொறைஞ்சிகீது. வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கை கழுவினார். எனக்கு ஐந்து நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

திங்கள் காலையில் காப்பு அவிழ்க்க வரிசையில் நின்றேன். பூசாரி மாமா ஒவ்வொரு கையாக வாங்கி அவிழ்த்துக்கொண்டே வந்தார். அவருடைய முடிச்சு இழுத்தால் வந்துவிடும் முடிச்சு. என் கையைப் பிடித்தார், இழுத்தார், வரவில்லை. குனிந்து பார்த்தார். நான் கட்டும்போது யோசிக்கவே இல்லை. இருபது வருஷமாக எதைப் போடுகிறதோ, அதையே கை போட்டிருந்தது. வலைக் கண்ணுக்குப் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர விடாது. படகில் இருந்த மனிதருக்குத் தெரியாதா?

பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "இது நான் போட்ட முடிச்சு இல்ல பொண்ணே."

"இல்ல மாமா."

"உத்தரவுன்னு சொன்னியாமே."

"பொய்தான் மாமா. நானே அவுத்து நானே கட்டிக்கினேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார், ஊரைக் கூட்டுவார் என்று நின்றேன்.

"பொண்ணு போய் நல்லபடியா சேந்துச்சா?"

"ஓடியே முடிச்சிட்டா மாமா."

"அப்ப போய் உன் வலை ஊசிய எட்த்துக்கினு வா. இத்த என் வெரல் அவுக்காது."

வீட்டுக்கு ஓடி, வலை பின்னும் பிளாஸ்டிக் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதன் முனையை முடிச்சுக்குள் விட்டு மெதுவாக இளக்கி அவிழ்த்தார். எல்லோருடைய கயிற்றோடும் சேர்த்து அதையும் கடலில் போடும் தட்டில் வைத்தார். பிறகு, தான் இருக்கிற வரைக்கும் இதை வெளியே பேச வேண்டாம், தெரிந்தே எப்படி விட்டாய் என்று ஜனங்கள் தன்னைத்தான் கேட்பார்கள் என்று சொன்னார். சரி என்று சத்தியம் செய்தேன். அவர் இருந்தவரை காப்பாற்றினேன்.

அதற்குப் பிறகு என் மகள் ஐந்து வருஷம் ஓடினாள். தேசிய அளவில் மூன்று முறை முதலாவதாக வந்தாள். ஆசிய அளவில் ஒரு வெண்கலம் வாங்கினாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைத்தது. அந்தக் கணுக்கால் கடைசியில் ஆபரேஷன் வரைக்கும் போய், போதும் என்று சொல்லிவிட்டது. கல்யாணமாகி மாதவரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து குப்பத்துப் பெண் பிள்ளைகளுக்கு மணலில் ஓடச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் அப்பா அறுத்த அதே பைப்புகள்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வலை பின்னுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த ஆடியில்தான் மனசு சுருக்கென்றது. அடுத்த சந்தில் ஒரு பெண்ணுக்கு வெளியூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. கையில் காப்பு. சேர வேண்டிய கடைசி நாள் நெருங்கிவிட்டது. அவள் அம்மா கோவிலில் உட்கார்ந்து, என் மகளுக்கு அவிழ்ந்த மாதிரி இவளுக்கும் தானாக அவிழும் என்று காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு விஷயம் தெரிந்ததும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "அப்ப இத்தினி வருஷமா நாங்க கும்புட்டது இன்னாத்த?" என்று கேட்டாள். நான் அவளைக் கையைப் பிடித்து இப்போதைய பூசாரியிடம் அழைத்துப் போனேன். அவர் மாமாவின் மகன். விஷயத்தைக் கேட்டார், கற்பூரம் ஏற்றினார், பெண் கையிலிருந்து அவிழ்த்து அம்மா கையில் கட்டினார். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. அந்தப் பெண் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். நான் கோவில் படியில் உட்கார்ந்து, அன்றைக்கு நானும் நூறு அடி நடந்து கேட்டிருந்தால் போதுமே என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிற அக்கா தங்கைகளே, ஐயாமார்களே, யாரிடமாவது இதைச் சொல்வதானால் இருக்கிறபடியே சொல்லுங்கள். காப்பு அவிழ்ந்தது என்று சொல்லாதீர்கள். அவளுடைய அம்மா அவிழ்த்தாள், கேட்காமல் அவிழ்த்தாள், கேட்டவர்களிடம் பொய் சொன்னாள் என்று சொல்லுங்கள். பூசாரி பொறுத்துக்கொண்டார், அம்மனும் பொறுத்துக்கொண்டாள் என்று சொல்லுங்கள். எனக்கு நல்ல பேர் வர வேண்டும் என்று ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஐந்தாவதாகத்தான் வந்தாள். சொல்லுகிற வேகத்தில் அதை மூன்றாவது ஆக்கிவிடாதீர்கள்.